டென்ஷன் டயலை ஒட்டி ஒரு கம்பி

ரிப்பேருக்குப் போன தையல் மெஷின் நேற்று திரும்பி வந்தது. மோட்டாரும் பெல்ட்டும் நன்றாகத்தான் இருந்தன. கெட்டுப்போனது வளைந்த ஒரு சின்னக் கம்பி. இதே மாடலை வாங்கலாமா என்று தோழி ஒருத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். போனில் சொன்னால் கோபத்தில் பாதியை விட்டுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். எத்தனை ஸ்டிச், எத்தனை வாட் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது.

மேல்நூல் போகும் வழியில் இரண்டு வட்டத் தகடுகள் இருக்கும். டயலைத் திருகினால் அவை நெருங்கி நூலை இறுக்கும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அந்தத் தகடுகளை ஒட்டியே ஒரு கம்பி ஸ்பிரிங் துள்ளிக்கொண்டிருக்கும். ஊசி இறங்கும்போது, நூலை ஏற்றி இறக்கும் கையான நூல் தூக்கியும் சேர்ந்து இறங்குவதால் நூல் ஒரு கணம் தொய்ந்துபோகும். ஊசி துணிக்குள் போகும்வரை அந்தத் தொய்வை இழுத்துப் பிடிப்பது இந்தக் கம்பிதான். அது சோர்ந்துவிட்டால் ஊசி தன் நூலையே குத்தும். நூல் பிசிறும், அறுந்தும் போகும். இவ்வளவு வேலை செய்கிற பாகத்துக்குக் கையேட்டில் ஒரு பெயர்கூடக் கிடையாது! படத்தில் வெறும் கோடாக வருகிறது, அவ்வளவுதான்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். மேல்நூலுக்குப் பிடிமானம் இல்லையென்றால் கோளாறு துணிக்கு அடியில்தான் தெரியும். கொத்துக்கொத்தாக நூல் சுருண்டு நிற்கும். பார்க்கிறவர்கள் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத் திட்டுவார்கள், அது உட்காரும் பாபின் கேஸின் திருகாணியை முறுக்கச் சொல்வார்கள். சுருண்டு கிடப்பதோ மேல்நூல். மேல்நூலை அடியில் கொக்கி போட்டுப் பிடிக்கும் ஷட்டில் கீழே இழுத்துக்கொண்ட நூலை நூல் தூக்கி முழுதாக மேலே வாங்க முடியாததால் வந்த வினை. ஆகவே பாபின் கேஸில் கை வைக்கும் முன் மேல்நூலை உருவிவிட்டுத் திரும்பக் கோக்க வேண்டும், அதுவும் துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷினின் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பாதம் மேலே இருக்கும்போதுதான் தகடுகள் திறக்கும், நூல் நடுவில் போய் உட்காரும். கோத்ததும் பாதத்தை இறக்கி நூலை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஊசி லேசாக வளைகிற அளவுக்கு இறுக்கம் இருந்தால் சரி. இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தால் நூல் தகடுகளுக்கு வெளியே கிடக்கிறது, அல்லது கம்பி போய்விட்டது.

நியாயமாகச் சொன்னால் இதன் பற்கள் அருமை. ஊசித்தட்டின் இடுக்கில் தெரிகிற ஃபீட் டாக்கைச் சொல்கிறேன். மேலே எழும்பும், துணியைப் பின்னால் தள்ளும், இறங்கும், புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும். ஊசி துணியை விட்டு வெளியே வந்த நேரத்தில் மட்டும் தள்ளும். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஆலன் வில்சன் இந்த நான்கு அசைவு முறைக்குக் காப்புரிமை பெற்றது 1854இல். இன்றைக்கும் இதுதான் ஓடுகிறது. 16ஆம் நம்பர் ஊசி போட்டு ஜீன்ஸின் மடித்த ஓரத்தில் ஏற்றினாலும், 11 போட்டு வழுக்குகிற ஜார்ஜெட்டில் விட்டாலும் தையல் சமமாக விழுகிறது. கையால் இழுக்கவே வேண்டாம். இழுத்தால்தான் ஊசி வளைந்து தட்டில் இடிக்கும்.

பாபின் மாற்ற ஒவ்வொரு முறையும் முன்னால் இருக்கிற டப்பாவைக் கழற்றித் தொலைக்க வேண்டும். எவ்வளவு நூல் மிச்சம் என்று பார்க்கவும் வழியில்லை.

புதுக் கம்பி போட்ட பிறகு டயலும் மாறிவிட்டது. முன்பு 4இல் வந்த தையல் இப்போது 3இல் வருகிறது. 4இல் வைத்தால் துணி சுருங்குகிறது. இன்று மாலை முழுக்கக் கிழிசல் துணியில் தைத்துத் தைத்துப் பிரித்ததுதான் மிச்சம்.

வாங்காதே, தாயே. ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் பற்களுக்கு.