மெஷ் வலைக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஓர் இணைய இணைப்பைப் பல வீடுகள் கம்பியில்லாமல் பகிர்ந்துகொள்ள வேண்டும், நடுவில் ஒரு ரவுட்டர் நின்றுபோனாலும் மற்றவை மாற்றுவழி கண்டுபிடிக்க வேண்டும் என்ற தேவைக்காக (இப்படி ரவுட்டர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் வலைதான் மெஷ்), ஆறு ரவுட்டர்களில் ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளை நிறுவி ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறோம். 2004-இல் தொடங்கிய இந்தத் திறந்த மூல மென்பொருளை, மெஷ் அமைக்க விரும்பும் எவருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்; ஆனால் ரவுட்டர் வாங்கும் முன்பே சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

ரவுட்டரில் குறைந்தது 8 எம்பி ஃபிளாஷும் (நிரந்தரச் சேமிப்பு) 64 எம்பி ரேமும் (தற்காலிக நினைவகம்) தேவை. மெஷ்ஷுக்கு அதைப் போல் இரு மடங்காவது இல்லாமல் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. மாடல் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளிருக்கும் சில்லு பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும் என்பதால், அடிப்பக்க ஒட்டுத்தாளில் உள்ள பதிப்பு எண்ணை ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஆதரவுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வழி கண்டுபிடிக்கும் வேலையைச் செய்வது, நாம் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் பேட்மேன் அட்வான்ஸ்டு நெறிமுறை. கம்பியில்லா வலைகளைத் தாங்களே அமைத்துக்கொள்ளும் ஜெர்மனியின் ஃப்ரைஃபுங்க் சமூகத்தில் பிறந்த இது, 2011 முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே இடம்பெற்றுள்ளது. எல்லா ரவுட்டர்களையும் சேர்த்து ஒரே பெரிய நெட்வொர்க் ஸ்விட்ச் (கணினிகளை ஒரே வலையில் இணைக்கும் கருவி) போல ஆக்கிவிடுவதால், கைப்பேசியோடு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நடந்தாலும் அதன் ஐபி முகவரி (வலையில் அதை அடையாளம் காட்டும் எண்) மாறுவதில்லை. ஒவ்வொரு இணைப்பின் தரத்தையும் 255-க்கு இவ்வளவு என்று இது மதிப்பிடுகிறது. இரும்பு அலமாரியின் பின்னால் இருந்த ரவுட்டரை இரண்டடி தள்ளி வைத்ததும், 140-ஐ ஒட்டித் தடுமாறிக்கொண்டிருந்த எண் 230-ஐத் தாண்டியதைத் திரையில் பார்த்தோம். அன்றோடு, ரவுட்டர் வைக்கும் இடத்தை ஊகத்தில் முடிவுசெய்வதை விட்டுவிட்டோம். சோதனைக்காக நடு ரவுட்டரின் மின்சாரத்தைத் துண்டித்தபோது, சில நொடிகள் நின்ற பிங் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அடுத்த வீட்டு ரவுட்டர் வழியாகத் தானாகவே மீண்டது. அந்தச் சில நொடிகளுக்காகத்தான் இவ்வளவு உழைப்பும்.

ஒரே ரேடியோ வாங்கவும் அனுப்பவும் செய்தால் ஒவ்வொரு தாவலிலும் (ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது) வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே 5 கிகாஹெர்ட்ஸை மெஷ்ஷுக்கும் 2.4-ஐக் கைப்பேசிகளுக்கும் ஒதுக்கினோம்.

வைஃபை பாதுகாப்பைக் கவனித்துக்கொள்ள இயல்பாக வரும் டபிள்யூபேட்-பேசிக் என்ற மென்பொருள் தொகுப்பு மெஷ் குறியாக்கத்தை ஆதரிப்பதில்லை. அதை நீக்கி டபிள்யூபேட்-மெஷ் தொகுப்பை நிறுவ வேண்டும். இதை முன்கூட்டியே படித்துக்கொள்ளாததால் ஒரு மாலை முழுவதும் கடவுச்சொல்லையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். ஓப்பன்டபிள்யூஆர்டியை வழக்கமான முறையில் புதுப்பிக்கும்போது இதே விஷயம் இன்னும் பெரிய சிக்கலாகும்: அமைப்புகள் தங்கிவிடும், நாம் சேர்த்த தொகுப்புகள் தங்காது. மொட்டைமாடியில் உள்ள ரவுட்டர் அந்தத் தொகுப்பை இழந்தால் மெஷ்ஷிலிருந்தே அறுந்துவிடும். பிறகு ஏணி எடுத்துக்கொண்டு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. எனவே வேண்டிய தொகுப்புகளை முன்பே சேர்த்து இமேஜை (ரவுட்டரில் ஏற்றும் முழு மென்பொருள் கோப்பு) உருவாக்கி, கைக்கெட்டும் ரவுட்டர் ஒன்றில் ஏற்றிப் பார்த்த பிறகே மாடியில் இருப்பதைத் தொடுகிறோம்.