செடியை இடம் மாற்ற ஆள் வைக்கிறீர்களா? முழுப் பணத்தையும் அன்றே கொடுக்காதீர்கள்

எங்கள் வீட்டு நந்தியாவட்டை போன கதை இது. ஆளுயரம் வளர்ந்த பழைய செடி. சுவர் எழுப்புவதற்காக இடம் மாற்ற வேண்டியிருந்தது. தோட்ட வேலை எடுத்துச் செய்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "அரை மணி நேர வேலைங்க, பட்டுப்போனா நான் பொறுப்பு" என்றார்.

இவ்வளவு பெரிய செடி அரை மணி நேர வேலையே கிடையாது. சுற்றிலும் வட்டமாகப் பள்ளம் வெட்டி, நீண்ட வேர்களை அறுத்துவிட்டுச் சில வாரமாவது விட்டுவைக்க வேண்டும். அப்போதுதான் தூருக்குப் பக்கத்தில் புதுச் சல்லிவேர் ஓடும். செடியை, வேரைப் பிடித்திருக்கும் தாய்மண்ணோடு பெயர்த்தால் பிழைக்கும்.

அவரோ பூத்துக் குலுங்குகிற சமயத்தில், உச்சி வெயிலில், தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கடப்பாரையை இறக்கி நெம்பினார். கிளைகள் முறிந்து பால் வடிந்தது. மண்ணெல்லாம் உதிர்ந்து, வேர் தேய்ந்த விளக்குமாறு மாதிரி வெளியே வந்தது. ஈரச் சாக்கு சுற்றச் சொன்னேன். "ஒண்ணும் ஆகாதுங்க" என்று செடியை வெயிலில் கிடத்திவிட்டு, அப்புறம்தான் குழியே தோண்டப் போனார்! குழிக்குள் கைநிறைய யூரியா வேறு. அறுபட்ட வேரைக் கருக்க அது போதும். பழைய மண்மட்டத்துக்கு மேல் அரை அடி தண்டும் புதைந்தது. கிளைகளை வெட்டிக் குறைக்கும் கவாத்தும் கிடையாது. மிஞ்சிய வேர் கால்வாசி, தாங்க வேண்டிய இலை முழுசும்.

இடம் மாற்றிய செடி கொஞ்சம் வாடுவது சகஜம்தான். அதனால் சாகிறதா, தேறுகிறதா என்று அன்றைக்கே சொல்ல முடியாது. அந்த இடைவெளியில்தான் இவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். போன் செய்தால் முதலில் "தண்ணி ஊத்துங்க", அடுத்து "உங்க மண்ணு சரியில்ல", கடைசியில் "கைராசி" என்றார். பிறகு எடுக்கவே இல்லை.

இலை உதிர்ந்தால்கூடப் பரவாயில்லை, கிளையில் உயிர் இருக்கலாம். எங்கள் செடியில் இலைகள் காய்ந்து, உதிராமல் அப்படியே தொங்கின. நகத்தால் பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை இல்லை, வெறும் பழுப்பு.

ஆள் வைப்பதானால், வேரை எப்போது அறுப்பீர்கள், எப்போது பெயர்ப்பீர்கள் என்று கேளுங்கள். இரண்டும் ஒரே நாள் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பாதிப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். துளிர் கண்டதும் கொடுத்துவிட வேண்டாம். தண்டில் மிச்சமிருக்கும் சத்திலேயே துளிர்த்துவிட்டுக் கருகும் செடியும் உண்டு. துளிர் இலையாகி நிற்கட்டும், அப்புறம் கொடுக்கலாம்.