ஆடியாலஜி விருதுகள்: யாருக்கு எது பொருந்தும்?

செவித்திறன் சார்ந்த பெரிய பரிசுகளைப் பெற்றவர்கள் பலரும் ஆடியாலஜிஸ்டுகள், அதாவது செவித்திறனைச் சோதித்துச் சிகிச்சை தருபவர்கள், அல்லர். உட்செவியில் உள்ள நத்தை வடிவ உறுப்பான காக்ளியாவுக்குள் ஒலி அலையாகப் பயணிப்பதைக் காட்டி 1961-இல் நோபல் பெற்ற கேயோர்க் வான் பெக்கேசி இயற்பியலாளர். உட்செவிக்குள் பொருத்தப்படும் மின்கருவியான காக்ளியர் இம்பிளான்டுக்காக 2013-இல் லாஸ்கர் மருத்துவ விருதைப் பகிர்ந்துகொண்ட மூவரில் கிரேம் கிளார்க் அறுவை மருத்துவர். இங்கெபோர்க் ஹோக்மைரும் பிளேக் வில்சனும் பொறியாளர்கள். சோதனை அறையில் ஒலியைப் பத்து டெசிபெல் குறைத்து, ஐந்து டெசிபெல் கூட்டி, எதிரில் இருப்பவர் எப்போது கை தூக்குகிறார் என்று பார்த்துக் குறிக்கும் ஆடியாலஜிஸ்டுக்கு அந்த மேடைகள் எட்டாத தொலைவு. அவருக்கான விருதுகள் தொழிலுக்குள்தான் இருக்கின்றன.

ஆய்வாளர் என்றால் தேர்வு எளிது. அமெரிக்க ஆடியாலஜி அகாடமி வழங்கும் ஜெர்கர் ஆய்வு விருது நேரடியாக அவருக்கானது. அந்தப் பெயருக்கும் எடை உண்டு. நடுச்செவிப் பரிசோதனை அறிக்கையில் நாம் அன்றாடம் எழுதும் ஏ, பி, சி என்ற டிம்பனோகிராம் (செவிப்பறையின் அசைவைக் காட்டும் வரைபடம்) வகைகளைப் பரப்பியவர் ஜேம்ஸ் ஜெர்கர். 1988-இல் அந்த அகாடமி உருவாக வழிவகுத்தவரும் அவரே. ஆய்வாளரின் சாதனையை அளப்பதும் சுலபம்: கட்டுரைகள் கண்முன் இருக்கின்றன.

அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கத்தின் மிக உயர்ந்த அங்கீகாரம் 'ஆனர்ஸ்'. மதிப்பு பெரிதுதான். ஆனால் பேச்சு சிகிச்சையாளர்களும் ஆடியாலஜிஸ்டுகளும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

நோயாளிகளோடு வேலை செய்பவரை எங்கே பரிந்துரைப்பது? என் அக்கறை முழுவதும் இங்கேதான். அதே சங்கத்தின் அறக்கட்டளை இரண்டு விருதுகளை வைத்திருக்கிறது. கிளெஃப்னர் விருதுக்குக் குறைந்தது 20 ஆண்டுச் சிகிச்சைப் பணி வேண்டும். டிகார்லோ விருது அண்மை ஆண்டுகளில் செய்ததை மட்டும் பார்க்கிறது. பரிந்துரை மாநிலச் சங்கங்கள் வழியாக மேலே வருகிறது. முதலாவது ஒரு முழு வாழ்க்கைக்குச் செலுத்தும் மரியாதை, அதில் குறை காண ஒன்றுமில்லை. இருந்தாலும் என் வாக்கு டிகார்லோவுக்கே. பணியில் இருக்கும்போதே கிடைக்கும் விருதைக் காட்டி ஒருவர் தன் நிர்வாகத்திடம் புதிய கருவி கேட்கலாம், இன்னொரு பணியிடம் கேட்கலாம். ஓய்வுபெறும் வயதில் வரும் விருதால் அது நடக்காது.

பிரிட்டிஷ் ஆடியாலஜி சங்கத்தின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. கல்விப்புலப் பங்களிப்புக்கு டி.எஸ். லிட்லர் பெயரிலும், சிகிச்சைச் சேவைக்கு ரூத் ஸ்பென்சர் பெயரிலும் தனித்தனிப் பரிசுகள். சிகிச்சையாளர் ஆய்வுக் கட்டுரைகளோடு மோத வேண்டியதில்லை.

காது கேட்கும் கருவி நிறுவனங்களும் விருது தருகின்றன. ஓடிகானின் 'ஃபோகஸ் ஆன் பீப்பிள்' செவித்திறன் குறைந்தவர்களையே முன்னிறுத்துகிறது; சிகிச்சையாளர்களுக்கும் அதில் ஒரு பிரிவு உண்டு. இறுதிச் சுற்றில் பொதுமக்கள் வாக்களிப்பார்கள். பயன்பெற்றவரின் குரல் ஒலிப்பது நல்லதுதான். ஆனால் மற்றக் காதை மறைக்கும் இரைச்சலான முகமூடி ஒலியைச் சரியாகக் கொடுத்து, அந்தக் காதின் உதவியில்லாமல் ஒரு காதை அளந்தாரா என்பது வாக்காளருக்குத் தெரியாது. தொழில் தேர்ச்சிக்குச் சக தொழிலாளர்களின் தீர்ப்பையே நம்புவேன்.

எந்த விருதுக்கு எழுதினாலும் 'அன்பானவர், அர்ப்பணிப்புள்ளவர்' என்ற வரிகளோடு நின்றுவிடாதீர்கள். காது கேட்கும் கருவிகள் பலவும் தினமும் எத்தனை மணி நேரம் அணியப்பட்டன என்பதைத் தாமே பதிந்து வைக்கின்றன. இரண்டு மணி நேரத்தில் கழற்றிவைத்த முதியவர், காதுத் துளைக்குள் மெல்லிய குழலை நுழைத்து, அங்கே எட்டும் ஒலியை அளந்து, கருவியின் ஒலியளவைச் சரிசெய்த பிறகு பத்து மணி நேரம் அணிகிறார் என்றால், அந்தப் பதிவின் இரண்டு நகல்களையும், பெயரை மறைத்து, நோயாளியின் ஒப்புதலோடு பரிந்துரைக் கடிதத்துடன் இணையுங்கள்.