ஐப்பசி முதல் தை வரை: கடலூர்க் கோழிக்குப் பரணா, ஆழ்கூளமா?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வளர்ந்த கோழி குளிரால் சாவதில்லை. மார்கழி விடியலில்கூட இங்கே வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். கோழியின் உடல் சூடு 41 டிகிரி, அதற்கு மேல் இறகுப் போர்வை வேறு. பனி கொட்டும் நாடுகளிலேயே, காய்ந்த கூட்டில் இருக்கும் கோழி பூஜ்யத்துக்குக் கீழேயும் தாங்கிக்கொள்கிறது. அங்கே கொண்டை உறைந்து கருகுவதற்கு ஈரம் தேங்கிய கூடு ஒரு முக்கியக் காரணம். ஆகவே தரையில் உமி போன்ற கூளத்தைக் கனமாகப் பரப்பும் ஆழ்கூளம், இடைவெளி விட்ட மரத்தளத்தை உயரத்தில் கட்டும் பரண் என்ற இரண்டு முறைகளையும் உரசிப் பார்க்க ஒரே கேள்வி போதும்: ஐப்பசி அடைமழையிலிருந்து தைப்பனி வரை கோழி தங்கும் இடம் காய்ந்திருக்குமா? கணக்குக்கு இருபது நாட்டுக்கோழி என்று வைத்துக்கொள்வோம்.

ஆழ்கூளம்

கோழிக்கு 2 சதுர அடி வீதம் 40 சதுர அடி, அதாவது 8-க்கு 5 அடி தரை. சுற்றியுள்ள மண்ணைவிட ஓரடியாவது உயர்த்தி, அடித்து இறுக்கியிருக்க வேண்டும்; சிமென்ட் பூசினால் இன்னும் நல்லது. அதன்மேல் 4 அங்குலம் நெல் உமி. ஏறக்குறைய 40 கிலோ, பெரிய கோணியில் நாலு சாக்கு வரும்.

எந்தக் கூளம் என்பதில் நம் பக்கத்துக்கென்றே சில விஷயங்கள் உண்டு. உமி ஈரத்தை அதிகம் உறிஞ்சாது, ஆனால் கிளறிவிட்டால் சீக்கிரம் காயும். மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல், நன்றாக உறிஞ்சும்; ஆனால் மழையில் நனைந்த தோலில் பூஞ்சணம் பிடித்திருந்தால் குஞ்சுகளுக்கு நுரையீரல் போய்விடும். தேங்காய் நார்க்கழிவு தண்ணீரைக் குடித்துவிட்டு நாள்கணக்கில் வெளியே விடாது. பண்ருட்டிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று முந்திரிக்கொட்டைத் தோட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள எண்ணெய் பட்ட இடத்தைப் புண்ணாக்கும்.

கூளத்தைச் சோதிக்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாக ஒட்டி உடனே உதிர்ந்தால் சரி. மழைக்காலத்தில் தினமும் காலையில் கிளற வேண்டும்; கட்டி கட்டியதை வாரி எடுத்துவிட்டுப் புது உமி போட வேண்டும். கூரை ஒழுகுவதைவிடத் தண்ணீர்க் குவளை சிந்துவதால்தான் கூளம் அதிகம் கெடும். குவளையைச் செங்கல் அடுக்கி, கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றி வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

ஈரக் கூளத்தில் அமோனியா கிளம்பும். குனிந்து கோழியின் தலை உயரத்தில் மோந்து பாருங்கள். மூக்கில் ஏறினால் கோழியின் கண்ணும் மூச்சுக்குழாயும் கெடத் தொடங்கிவிட்டன என்று பொருள். இந்த நேரத்தில் சுண்ணாம்பு தூவச் சொல்பவர்கள் உண்டு. ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு விழுந்தால் அமோனியா இன்னும் வேகமாக வெளியேறும். ஈரத்தை வாரிய பிறகு வெறும் தரையில் தூவலாம். கூளத்தின் மேலேயே போடுவதென்றால் சூப்பர் பாஸ்பேட் உரம், இந்த 40 சதுர அடிக்கு 400 கிராம், தூவிக் கிளறிவிட வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் கூளத்தைக் குளிர்காலம் முழுக்க அள்ளாமல் மக்கவிட்டு, அந்தச் சூட்டைப் புகழ்வார்கள். நமக்கு அந்தச் சூடு தேவையே இல்லை.

ரத்தக் கழிச்சலும் ஆழ்கூளத்தில்தான் அதிகம். எச்சத்தோடு விழும் கிருமிமுட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் ஓரிரு நாளில் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். மூன்று முதல் எட்டு வார வயதுக் குஞ்சுகள்தான் முதலில் சுருண்டு நிற்கும்.

பரண்

இரவுத் தங்கலுக்கு மட்டும் என்றால் கோழிக்கு ஒரு சதுர அடிக்குச் சற்று மேல் போதும்: 6-க்கு 4 அடி, தரையிலிருந்து 3 அடி உயரம். கால்களுக்குச் சவுக்குக் கட்டை. தளத்துக்கு ஒன்றரை அங்குல அகல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), நாலடி நீளத்தில் 32 துண்டு, முக்கால் அங்குல இடைவெளி விட்டு. நடுவில் ஒரு தாங்கு கட்டை இல்லாவிட்டால் ரீப்பர் தொய்ந்துவிடும். சுற்றிலும் அரை அங்குல வலை. அதைவிடப் பெரிய கண் என்றால் பாம்பு நுழையும்.

எச்சம் கீழே விழுந்துவிடுவதால் கழிச்சலும் அமோனியாவும் கணிசமாகக் குறையும். வெள்ளத்துக்கும் பரணே மேல். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது; அப்படியொரு மழையில் ஓரடி உயர்த்திய தரையெல்லாம் கணக்கிலேயே வராது. ஆனால் காற்று என்று வந்தால் பரண்தான் பலவீனம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தது நினைவிருக்கும். கால்களை இரண்டடி ஆழம் புதைத்து, குறுக்குச் சட்டம் அடித்து, கூரையைக் கம்பியால் காலோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். கடற்கரை மணலில் காலுக்கு அடியில் கல் வைக்காமல் நட்டால் முதல் மழையிலேயே சாயும்.

பரணில் வேறு தொல்லைகளும் உண்டு. மர இடுக்கில் உண்ணி பகலில் ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்கும். கொதிநீர் ஊற்றி, காய்ந்ததும் சுண்ணாம்பு பூசி இடுக்குகளை அடைக்க வேண்டும். அசில் போன்ற கனத்த கோழிகள் மூன்றடியிலிருந்து குதித்தால் பாதம் வீங்கும், ஏணிப்பலகை கட்டாயம். கீழே விழுந்த எச்சத்தில் சாரல் பட்டால் புழு வைக்கும். இரண்டு நாளுக்கொரு முறை வாரியாக வேண்டும்.

மூன்று நாள் விடாமல் பெய்தால்தான் பரணின் பெரிய குறை தெரியும். இருபது கோழியை 24 சதுர அடியில் பகலிலும் அடைத்து வைத்தால் இறகு கொத்தலும் சண்டையும் தொடங்கிவிடும். ஆழ்கூளத்தில் அந்த நெருக்கடி இல்லை. ஒரு கைப்பிடி கம்பைத் தூவிவிட்டால் கிளறிக்கொண்டே பொழுதைப் போக்கும்.

எது யாருக்கு

கேப்பர் மலைச் செம்மண் போலத் தண்ணீர் வடியும் மேடு என்றால் ஆழ்கூளமே போதும். கெடிலம், தென்பெண்ணை ஓரத் தாழ்விலும், சிதம்பரம் பக்கக் களிமண்ணிலும் பரண்தான்; இடமிருந்தால் பகலுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு சின்னக் கூளத் தாழ்வாரம். காலையில் பத்து நிமிடம் ஒதுக்க முடியாதவர்கள் எந்த மண்ணிலும் ஆழ்கூளம் பக்கம் போக வேண்டாம்.

இரண்டிலும் ஒரே தவறு நடக்கிறது: மழை வந்ததும் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டுவது. சாரல் வாடைக்காற்றோடு வருகிறது. வடக்கையும் கிழக்கையும் அடைத்தால் போதும். தெற்கிலும் மேற்கிலும் கூரையை ஒட்டி ஓரடியாவது திறந்திருக்க வேண்டும். தகரக் கூரை விடியலில் வியர்த்துச் சொட்டும், அடியில் கீற்று வேய்ந்தால் சொட்டாது.

குஞ்சுகளுக்குப் பரண் ஆகாது, கால் இடுக்கில் மாட்டும். முதல் நாலு வாரம் கூளத்தில்தான். முதல் வாரம் 35 டிகிரி சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் பழைய குண்டு பல்பு. எல்இடி வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு ஓடினால் அதிகம். புயலில் கரண்ட் போனால் மண்சட்டியில் நன்கு கனன்ற கரி வைத்து, மேலே வலைமூடி போடுங்கள். அப்போதும் காற்று போக ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும். மூடிய அறையில் கரிப்புகை குஞ்சை மட்டுமல்ல, காவலுக்குப் படுத்தவரையும் கொல்லும்.