லால்பாக் மாம்பழ மேளா: முதலில் பாறை, கடைசியில் பழம்

கோடை விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் மூன்று ஆண்டுகளாக ஒரே பதில்தான் வழங்கிவருகிறது. பெங்களூரு லால்பாக் தோட்டத்தில் மாம்பழப் பருவத்தின்போது சில வாரங்கள் நடைபெறும் மாம்பழ மேளாவே அந்தப் பதில். கர்நாடக மாநில மாம்பழ வளர்ச்சி மற்றும் சந்தைப்படுத்தல் கழகம் முன்னின்று நடத்தும் இந்த மேளாவில், தோப்பு வைத்திருக்கும் விவசாயிகளே கடை போட்டுத் தங்கள் பழத்தை விற்கிறார்கள். கணவர், நான், சேலத்தில் பிறந்து வளர்ந்த மாமியார், பன்னிரண்டு வயது மகன், ஏழு வயது மகள் என ஐந்து பேர், பெங்களூருவில் நாங்கள் குடியிருக்கும் அல்சூரிலிருந்து மே மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒன்றில் போய்வந்ததை வைத்தே இதை எழுதுகிறேன். மலிவாகப் பழம் வாங்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பேன். குடும்பத்தோடு அரை நாளைக் கழிப்பதற்கோ இந்த ஊரில் இதற்கு நிகராக வேறோர் இடத்தை நான் கண்டதில்லை. ஆனால் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசை தவறினால் அந்த அரை நாள் வீணாகிவிடும்.

வானிலையைப் பற்றி ஒரு சொல். சென்னையிலும் வேலூரிலும் இருக்கும் உறவினர்கள் மே மாதத்தில் நாங்கள் பூங்காவுக்குப் போனதைக் கேட்டுச் சிரிப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவில் வெயிலின் உச்சம் ஏப்ரலோடு முடிந்துவிடுகிறது. மே மாதத்தில் மாலை மழை அடிக்கடி பெய்து மண்ணைக் குளிர்வித்துவிடுவதால், மறுநாள் காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை மரத்தடியில் நடப்பதற்கு அத்தனை இதமாக இருக்கும். பத்தரைக்கு மேல் வெயில் தன் வேலையைக் காட்டத் தொடங்கும். மாலை நான்கு மணிக்கு மேல் மழையை எதிர்பார்க்க வேண்டும். ஆகவே நல்ல வானிலை என்பது இங்கே மூன்று மணி நேரக் கணக்கு. பிள்ளைகளை அதற்காக ஆறு மணிக்கே எழுப்ப வேண்டியிருந்ததில் என் மகனுக்கு இன்னும் வருத்தம்தான்.

முதல் முறை போனபோது நாங்கள் செய்த தவறு, உள்ளே நுழைந்ததும் நேராகக் கடைகளுக்குச் சென்று எட்டுக் கிலோ பழம் வாங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு பாறை மேல் ஏறவும் முடியவில்லை, ஏரிக்கரையில் நிம்மதியாக உட்காரவும் முடியவில்லை. கணவர் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டே வந்தார். அடியில் இருந்த ரசபுரி மாம்பழங்கள் நசுங்கி, பை முழுவதும் சாறாகிவிட்டது. அதிலிருந்து வரிசையை மாற்றிக்கொண்டோம். தோட்டம் முதலில், பழம் கடைசியில், பழம் கைக்கு வந்தபின் நேராக வீடு.

அல்சூரிலிருந்து ஊதா வழித்தட மெட்ரோவில் ஏறி மெஜஸ்டிக்கில் இறங்கி, பச்சை வழித்தடத்துக்கு மாறினால், சிக்பேட்டை, கே.ஆர். மார்க்கெட், நேஷனல் காலேஜ் கடந்து நான்காவது நிலையம் லால்பாக். வண்டியை நிறுத்த இடம் தேடும் தொல்லை இதனால் இல்லை என்பது ஒருபுறமிருக்க, திரும்பும்போது குளிரூட்டிய பெட்டியில் பழம் வாடாமல் வருவது இன்னொரு நன்மை.

1760-இல் ஹைதர் அலி தொடங்கிவைத்து திப்பு சுல்தான் வளர்த்த தோட்டம் இது. இன்று ஏறத்தாழ 240 ஏக்கர் பரப்பில் விரிந்திருக்கிறது. ஏழு வயதுக் குழந்தை அத்தனையையும் நடந்து பார்த்துவிட முடியாது. நாங்கள் நேராகப் பாறைக்குத்தான் போனோம். பெங்களூருவை நிறுவிய கெம்பே கௌடர் பெயரால் வழங்கும் சிறு கோபுரம் உச்சியில் நிற்கும் அந்தப் பாறையின் வயது ஏறத்தாழ முந்நூறு கோடி ஆண்டுகள் என்றும், புவியியல் நினைவுச் சின்னமாக அது அறிவிக்கப்பட்டிருக்கிறது என்றும் கணவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, மகள் அதன் சரிவில் சறுக்கி விளையாட முடியுமா என்பதிலேயே குறியாக இருந்தாள். வெயில் ஏறுவதற்குமுன் வெறுங்காலோடு அந்தப் பாறையில் நடந்தால் இரவின் குளிர்ச்சி இன்னும் உள்ளே தங்கியிருப்பது பாதத்தில் தெரியும். பதினொரு மணிக்கு அதே பாறையில் கால் வைக்க முடியாது. தோட்டத்தில் மாமியாரை நெடுநேரம் நிறுத்திவைத்தது, கல்லாகச் சமைந்த ஒரு மரத்துண்டு. இரண்டு கோடி ஆண்டுப் பழமையுடைய அது, விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து இங்கே வந்தது. திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோவிலுக்கு மும்முறை போயிருக்கும் அவர், அங்கே பார்க்காமல் விட்டதை இங்கே வந்து பார்க்கிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு ஒன்பதரை மணிக்குக் கடைகளை அடைந்தோம்.

இனி பழம். கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம், சிந்தாமணி, ராமநகரம் எனப் பல ஊர்களின் விவசாயிகளை நாங்கள் சந்தித்தோம். சீனிவாசபுரத்துக்காரர்களில் பலருக்குத் தெலுங்கும் தமிழும் சரளமாக வருகின்றன, கன்னடத்தில் விலை கேட்ட என் மாமியாருக்கு, "என்ன வேணும்மா, எதுக்கு வேணும், சாப்பிடவா, ஜூஸுக்கா?" என்று தமிழிலேயே பதில் வந்தது. அந்த ஒரு கேள்வியிலேயே இந்தக் கடைகளின் தனிச்சிறப்பு அடங்கியிருக்கிறது. தெருமுனைக் கடையில் நாம் மாம்பழம் கேட்போம். இங்கே எந்த மாம்பழம், எதற்காக, எத்தனை நாள் கழித்துச் சாப்பிட என்று அவர்கள் நம்மைக் கேட்கிறார்கள்.

நமக்கு அல்போன்சா என்று தெரிந்த பழம் இங்கே பாதாமி. மல்லிகா, சிறு உருண்டையாகச் சர்க்கரைக்குட்டி, சிவந்த தோளோடு செந்தூரம், இமாம்பசந்த், பங்கனபள்ளி ஆகியவையும் வரிசையாக இருந்தன. மூக்கு வளைந்த தோதாபுரியைக் கண்டதும் மகன், இது கிளிமூக்கு மாங்காய்தானே என்றான். அதேதான், தமிழ்நாட்டில் இதற்குப் பெங்களூரா என்ற பெயரும் உண்டு. பெங்களூருவுக்கு வந்து பெங்களூரா எங்கே என்று கேட்டால் ஒருவரும் கை காட்ட மாட்டார்கள் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும். மல்லிகா, நீலத்தையும் வடநாட்டுத் தசேரியையும் இணைத்து உருவாக்கப்பட்ட கலப்பினம். பார்ப்பதற்குப் பெரிதாக, பச்சையும் மஞ்சளும் கலந்து, அத்தனை அழகில்லாமல் இருப்பதால் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாரில்லாத, அழுத்தமான அதன் இனிப்புக்காக அந்த வரிசையில் நான் முதலிடம் தருவது அதற்குத்தான். ரசபுரியோ கத்தி படக் கூடாத பழம். கையால் உருட்டிப் பிழிந்து, பாலும் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துச் சீகரணெ செய்வதற்கென்றே பிறந்தது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்களிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட இதைப் பூரியோடு சாப்பிட்டால் வேறு பலகாரம் தேவைப்படாது.

பழுக்கவைக்கும் முறையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் இங்கே வரத் தொடங்கியதே அதனால்தான். சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் வட்டாரத்துக் கடை ஒன்றில் வாங்கிய பழங்கள் வெளியே ஒரே சீராக மஞ்சள் பூசியதுபோல் இருந்தன. வெட்டினால் உள்ளே வெளிறிப்போய்ப் புளித்தன. சாப்பிட்ட மகனுக்கு வாயெல்லாம் எரிந்தது. கால்சியம் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்கவைத்தால் இப்படி ஆகும் என்று பின்னர் அறிந்தோம். அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் எச்சங்கள் இருக்கக்கூடும் என்பதால் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதை முற்றிலும் தடை செய்திருக்கின்றன. அதற்கு மாற்றாக எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை, பயன்படுத்தலாம். காய் தானாகவே வெளியிடும் வாயுதான் அது. மேளாவில் நாங்கள் வாங்கியவற்றில் பாதி இன்னும் காயாகவே இருந்ததை நான் குறையாகக் கருதவில்லை. காம்பருகே மூக்கை வைத்தால் மணம் வர வேண்டும், தோளின் இருபுறமும் காம்பைவிட உயர்ந்து திரண்டிருக்க வேண்டும் என்று மாமியார் சொல்லித்தர, மகள் ஒவ்வொரு பழத்தையும் முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள். கடைக்காரர் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

இருந்தும் எல்லாம் நன்றாக அமைந்துவிடவில்லை. ஒரு கடையில் வாங்கிய மூன்று கிலோ பெட்டியில் மேலடுக்குப் பழங்கள் பெரியவையாகவும் கீழடுக்குப் பழங்கள் எலுமிச்சையைவிடச் சற்றே பெரியவையாகவும் இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகே பார்த்தோம். கட்டிய பெட்டியை வாங்காமல், கண்முன்னே பொறுக்கி எடை போடச் சொல்லியிருக்க வேண்டும். விலையும் கடைக்குக் கடை மாறுகிறது. ஒரு சுற்று முழுவதையும் கேட்டுவிட்டுப் பிறகு வாங்குவதே நல்லது. பாதாமி ஆறில் இரண்டை வெட்டியபோது கொட்டையை ஒட்டிய சதை பஞ்சுபோல் வெளுத்துப் புளித்திருந்தது. இது விற்றவரின் பிழையன்று, அல்போன்சா இனத்தைப் பிடித்த பழைய குறை, வெளியிலிருந்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அல்போன்சாவையும் பங்கனபள்ளியையும் இணைத்து உருவாக்கிய அர்க்கா புனீத் இந்தக் குறை இல்லாதது. நாங்கள் போன அன்று அது எங்கள் கண்ணில் படவில்லை.

கூட்டம் பிடிக்காதவர்கள், முதியவர்களை அழைத்துவர இயலாதவர்கள் மாம்பழ வளர்ச்சிக் கழகத்தின் கார்சிரி இணையதளம் வழியாக விவசாயிகளிடமிருந்து நேரடியாகப் பெட்டி வாங்கலாம்; அஞ்சல்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். என் தங்கை அப்படித்தான் வாங்குகிறாள், அவளுக்குக் குறை ஒன்றுமில்லை. முகர்ந்து பார்க்கும் வாய்ப்புப் போய்விடும் என்பது மட்டுமே என் தயக்கம்.

பலாவும் இருந்தது. தொட்டபள்ளாபுரம் பக்கத்துத் தூபகெரேச் சுளைகளுக்கு இந்த ஊரில் தனிப் பெயர். பலாத் தோப்பு இருந்ததால் வந்த பெயர் என்று சொல்லப்படும் அல்சூரில் குடியிருந்துகொண்டு பலா வாங்காமல் போகலாமா என்று கணவர் கேட்டார். முழுப் பழம் தூக்கும் தெம்பு இல்லாததால் சுளைகளை மட்டும் வாங்கி அங்கேயே தின்றோம். பிறகு 1924-இல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம்ஸில் ரவா இட்லி சாப்பிடலாம் என்ற என் யோசனை, கையில் பழ மூட்டையோடு வரிசையில் நிற்பதா என்ற மாமியாரின் ஒற்றைக் கேள்வியில் தோற்றுப்போனது. போக விரும்புகிறவர்கள் பழம் வாங்குவதற்குமுன் போகட்டும்.

துணிப்பை இரண்டு, தண்ணீர் பாட்டில், குடை, பழம் தின்ற கையைத் துடைக்க ஒரு துண்டு ஆகியவை போதும். வீட்டுக்கு வந்ததும் காய்களைக் குளிர்பெட்டியில் வைத்துவிடக் கூடாது. 12 டிகிரிக்கும் கீழான குளிரில் காய் கனியாமல் கெட்டுப்போகும். செய்தித்தாளை விரித்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், காம்புப் பக்கம் கீழே இருக்குமாறு பரப்பி, நாள்தோறும் தொட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ரசபுரி இரண்டாம் நாளும், பாதாமி நான்காம் நாளும், மல்லிகா ஒரு வாரம் கழித்தும் கனிந்தன. மாமியாரின் பிடிவாதத்துக்காக வாங்கிய மூன்று மல்கோவா ஒன்பது நாள் எடுத்துக்கொண்டன. முதல் துண்டை அவர் வாயில் போட்டுக்கொள்ளும்வரை நாங்கள் நால்வரும் காத்திருந்தோம். "சேலத்துப் பழம் ஆகாது" என்றார். மிச்சமிருந்த இரண்டையும் எடுத்துக்கொண்டுபோய்த் தம் அறையில் வைத்துக்கொண்டார்.