பின்னால் ஒரு சின்ன வீடா, மேலே ஒரு மாடியா?

வேலூரில் காகிதப்பட்டறை, சத்துவாச்சாரி பக்கம் பழைய வீடுகளுக்குப் பின்னால் கிணறும் வேப்பமரமுமாக நல்ல இடம் சும்மா கிடக்கிறது. சிஎம்சி மருத்துவமனையில் வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்கும் வங்காளக் குடும்பங்கள் இருக்கும்வரை வாடகைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. சரி, பின்னால் கட்டுவதா, மாடி எடுப்பதா?

மாடி என்றால் அஸ்திவாரச் செலவு மிச்சம், உண்மைதான். ஆனால் இருக்கிற அஸ்திவாரம் தாங்குமா என்று முதலில் இன்ஜினியரிடம் காட்ட வேண்டும்; மரவிட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட பழைய வீடு என்றால் அந்த ஆசையை அப்போதே விட்டுவிடலாம். அப்புறம் நம்ம ஊர் வெயில். மே மாதம் 40 டிகிரி தாண்டும்போது மேல்தளம் ராத்திரி 11 மணிக்கும் தகிக்கும், ஃபேன் அனலைத்தான் இறக்கும்.

பின்கட்டில், செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் ராட் டிராப் முறையில் கட்டலாம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பியது. செங்கல் ஏறக்குறைய 25 சதவீதம் மிச்சம், சூடும் அவ்வளவாக உள்ளே வராது. பழகிய மேஸ்திரி வேண்டும், இல்லாவிட்டால் கலவையைக் கொட்டி அந்த வெற்றிடத்தையே அடைத்துவிடுவார்கள். முழங்கால் வலிக்கிற அம்மாவுக்குப் படியேறும் வேலையும் இல்லை.

இடைஞ்சல் வேறு இடத்தில். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் கேட்கும் பக்க இடைவெளியை விட வேண்டும், கழிவுநீர்க் குழாய் முன்வீட்டைச் சுற்றித் தெருவுக்கு வர வாட்டமும் கிடைக்க வேண்டும். மனை அகலமாக இருந்தால் என் ஓட்டு பின்கட்டுக்கே. 20 அடிதான் என்றால் மாடி எடுங்கள், மேலே கூலிங் டைல்ஸ் பதித்து.