சறுக்கும் மாணவரை முதலில் யார் பார்ப்பது: மென்டரா, மென்பொருளா, பாட ஆசிரியரா?

பொறியியல் கல்லூரியில் முதல் செமஸ்டர் கணிதத் தாளான எம்-1-இல் தோற்று அரியர் வைப்பதுதான் பலருக்கும் முதல் அடி. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளுக்கு அது இன்னும் பலமாக விழுகிறது. இவர்களை நேரத்தோடு கண்டுகொள்ள மூன்று வழிகள் இருக்கின்றன.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் கேட்கப்படுவதால் மென்டர் முறை பரவலாக இருக்கிறது. மென்டர் என்ற வழிகாட்டி ஆசிரியர் ஒருவரிடம் 20 பேர் அளவில் ஒப்படைக்கிறார்கள். ஃபீஸ் பாக்கி, ஹாஸ்டல் தொல்லை, வீட்டு நிலைமை எல்லாம் இங்கேதான் வெளிவரும். ஆனால் அவர் அந்த வகுப்புக்குப் பாடமே எடுக்காதவர் என்றால் படிவத்தில் கையெழுத்தோடு முடிந்துவிடும்.

அடுத்தது மென்பொருள். அட்லாண்டாவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2012 முதல் 800 அறிகுறிகளை வைத்து மாணவர்களைக் கவனிக்கிறது. அதோடு 42 ஆலோசகர்களையும் புதிதாக வேலைக்கு எடுத்தது. அந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு மென்பொருளை மட்டும் வாங்கினால், அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போனதும் அப்பாவுக்கு எஸ்எம்எஸ் போகும், அவ்வளவுதான். அதற்குள் பாதி செமஸ்டர் ஓடியிருக்கும்.

என் ஓட்டு பாட ஆசிரியருக்கு. கல்லூரியே நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வுக்கு முன்பே, மூன்றாவது வாரத்து டுடோரியல் (கணக்குப் போட்டுப் பழகும் வகுப்பு) தாளே அவரிடம் பேசிவிடும். ஒருவன் கேள்வியை மட்டும் எழுதிவிட்டுக் கீழே வெற்றாக விட்டிருப்பான். இன்னொருவன் நேரடிக் கணக்கையெல்லாம் சரியாகப் போட்டிருப்பான், ஆங்கில வாக்கியங்களில் வரும் கணக்கை மட்டும் தொட்டிருக்க மாட்டான். முன்னவனுக்குப் ப்ளஸ் டூ வகையீட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பின்னவனுக்குக் கேள்வியைத் தமிழில் ஒருமுறை சொன்னால் போதும். அட்டெண்டன்ஸ் பதிவேட்டில் இருவரும் ஒன்றுதான்.

இதிலும் சிக்கல் உண்டு. 60 பேர் வகுப்பு, கூடவே லேப், தேர்வுப் பணி என்று ஓடும் ஆசிரியரிடம் 'நீங்களே கவனியுங்கள்' என்று சொல்வது அநியாயம். அவர் கண்டுபிடித்துச் சொல்லட்டும்; பேசுவதும் பின்தொடர்வதும் மென்டரின் வேலையாக இருக்கட்டும். நான்காவது வாரத்துக்குள் பெயரும் காரணமும் ஒரே வரியில் மென்டர் கைக்குப் போக வேண்டும், அவருக்கு டைம்டேபிளில் அதற்கென்று ஒரு பீரியட் ஒதுக்க வேண்டும். அந்தப் பட்டியலை வகுப்பில் வாசிக்கவே கூடாது. பெயர் வெளியே வந்த பிள்ளை அடுத்த வாரம் டுடோரியலுக்கே வராது.